புறாமலையில் புறாவுக்கு இடமுண்டா?

புறாவொன்றின் உயிருக்கு ஈடாகத் தன் தசையை அரிந்து துலாத்தட்டில் இட்ட சிபியின் கதையைக் கேளாத தமிழ் மாணவர் இலர். சோழரைப் பாடிய புறநானூற்றுப் புலவர்கள் அவர்தம் குலத்தின் முதற்பெருமையாக அச்செயலையே எடுத்தோதினர். பாண்டியன் அவையில் தன் ஊரின் சிறப்பைக் கூறப் புகுந்த கண்ணகியும், மகனைத் தேர்க்காலில் இட்ட மன்னனுக்கு முன்னதாகப் புறாவின் துயர் தீர்த்தவனையே நிறுத்துகின்றாள். வெம்மையில் வாடிய துணைக்குத் தன் இறகால் காற்றெழுப்பும் ஆண்புறா ஒன்றைக் கலித்தொகையின் பாலைக்கலி காட்டுகின்றது. இவையெல்லாம் பட்டிமன்றங்களிலும் கவியரங்குகளிலும் சங்க மலர்களிலும் ஆண்டுதோறும் எடுத்துரைக்கப்படுவன, கரவொலி பெறுவன.

ஆயின், நிலாவெளிக் கரையில் நின்று கிழக்கே நோக்குவார்க்கு, புறாவின் பெயரையே தன் பெயராகக் கொண்ட தீவொன்று கண்ணெதிரே கிடக்கின்றது. அத்தீவின் புறாக்களைப் பற்றி அம்மேடைகளில் ஒரு சொல் எழுவது அரிது. ஏட்டிலுள்ள புறாவுக்கு மாலையிட்டு, பாறையிடுக்கில் உள்ள புறாவை மறந்துவிடுவது எவ்வகைத் தமிழ்ப்பற்று என்ற வினா எழுப்பப்படவேண்டிய காலம் வந்துவிட்டது.

பெயரில் மட்டும் வாழும் புறா

திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழப் பதினைந்து கிலோமீற்றர் தொலைவில் நிலாவெளி உள்ளது. அதன் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் கடல்கடந்தால் புறாமலையை அடையலாம். பெரியது, சிறியது என இரு தீவுகளைக் கொண்டது அது. பெரிய தீவின் நீளம் ஏறத்தாழ 200 மீற்றர். அகலம் ஏறத்தாழ 100 மீற்றர். பாறையும் பற்றைக்காடும் சிறு மணற்கரைகளுமே அதன் நிலம். கிராமத்துப் பாடசாலை ஒன்றின் விளையாட்டுத்திடல் இரண்டைச் சேர்த்து வைத்தாற் போன்ற பரப்பு என்றால் அதன் சிறுமை விளங்கும். அப்பாறைகளின் பிளவுகளிற் கூடுகட்டி, கரைநிலத்துக்குப் பறந்து சென்று தானியம் பொறுக்கி மீளும் மாடப்புறாக்களே அதற்குப் பெயர் தந்தன.

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இத்தீவு சுடும் பயிற்சிக்குரிய களமாகப் பயன்பட்டது. 1963ஆம் ஆண்டில் அது சரணாலயமாக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டில், சூழவுள்ள கடலையும் முருகைக் கற்பாறைகளையும் உள்ளடக்கி, ஏறத்தாழ 471 ஹெக்டேயர் பரப்புடைய தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. ஏறத்தாழ நூறு வகை முருகைகளும் முந்நூறு வகை மீன்களும் அக்கடலிற் பதிவாகியுள்ளன.

இவ்வாறு சட்டத்தின் ஏணியிற் படிப்படியாக உயர்ந்த தீவு, நடைமுறையில் எவ்வாறு நோக்கப்படுகின்றது? 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னர் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் அங்கு செல்கின்றனர். அவர்களுட் பெரும்பாலானோர் செல்வது கடலுள் மூழ்கி முருகையையும் மீனையும் பார்ப்பதற்கு. அல்லது மணலில் அமர்ந்து உண்டு களிப்பதற்கு. உல்லாசப் பயண விளம்பரங்கள் சுறாவைக் காட்டுகின்றன, ஆமையைக் காட்டுகின்றன, நீலக் கடலைக் காட்டுகின்றன. புறாவோ பெயர்ப்பலகையில் மட்டும் எஞ்சுகின்றது. பெயரை எடுத்துக்கொண்டு பெயருக்குரியதைக் கைவிடுவது களவுக்கு ஒப்பாகும்.

‘புறா எங்கும் உண்டு’ என்னும் வாதம்

இவ்விடத்து எழும் முதலாவது மறுப்பு யாவரும் அறிந்ததே. “கோயிற் கோபுரத்தில் புறா, நெற்களஞ்சியக் கூரையில் புறா, பேருந்து நிலையத்திற் புறா. இத்துணை மலிந்த பறவைக்குப் பாதுகாப்பு எதற்கு?” என்பர். மேலோட்டமாக நோக்குவார்க்கு இது பொருத்தமாகத் தோன்றும். உண்மை வேறு.

நகரத்துப் புறா, மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கூட்டில் அடைத்து வளர்த்துப் பின்னர் கைவிட்ட வளர்ப்புப் புறாவின் வழித்தோன்றல். வெள்ளை, கறுப்பு, தவிட்டு நிறம், புள்ளி எனப் பல நிறங்களில் அது காணப்படுவதே அதன் கலப்புக்குச் சான்று. அவ்வளர்ப்பு இனங்கள் யாவும் காட்டு மாடப்புறா ஒன்றிலிருந்தே பெருகின என்பதைச் சான்றாகக் கொண்டே டார்வின் 1859இல் வெளியிட்ட தம் நூலின் முதல் அதிகாரத்தில் தெரிவு என்னும் கருத்தை விளக்கினார். அம்மூலப் பறவை மனிதன் கைபடாது இன்றும் பாறையில் வாழ்வது உலகிற் சில இடங்களில் மட்டுமே. நகரத்துப் புறா பெருகப் பெருக, அது காட்டுப் புறாவோடு இணைந்து, காட்டுப் புறாவின் தனித்தன்மையைக் கரைத்துவிடுகின்றது. வேட்டையாடி அழிப்பதைவிட இக்கரைப்பு ஆபத்தானது. ஏனெனில், பறவைகளின் தொகை குறையாமலே இனம் மறைந்துவிடும். வானிற் புறாக்கள் பறந்துகொண்டே இருக்கும். ஆனால் பழைய புறா ஒன்றும் இராது.

இது வெறுங் கற்பனை அன்று. 2022ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்று, பிரித்தானியத் தீவுகளின் மாடப்புறாக் கூட்டங்களிற் பலவற்றில் வளர்ப்புப் புறாவின் கலப்பு இருப்பதையும், ஸ்கொட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் போன்ற ஒதுங்கிய தீவுகளிலேயே கலப்பற்ற கூட்டம் எஞ்சியிருப்பதையும் மரபணுச் சோதனையால் காட்டிற்று. கரைநிலத்தில் இழந்ததைக் கடல் சூழ்ந்த சிறுதீவு காத்துத்தரும் என்பதே அதன் பொருள். புறாமலையின் பெறுமதியும் இதுவே. அத்தீவுக்குச் சோற்றுப் பொதியும் குப்பையும் செல்லச் செல்ல, அவற்றை நாடி நகரத்துப் புறாவும் காகமும் செல்லும். காகம் முட்டையையும் குஞ்சையும் கவரும். நகரத்துப் புறா இனத்தைக் கலக்கும். மாடப்புறா ஓர் ஈட்டில் இடுவது இரண்டு முட்டைகளே. ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாத்து, தம் கண்டத்தில் ஊறும் புறாப்பாலை ஊட்டிக் குஞ்சை வளர்க்கின்றன. ஆட்கூட்டத்தின் அரவத்தால் தாய் கூட்டைவிட்டு எழும் ஒருசில நிமிடமே காகத்துக்குப் போதுமானது.

காகத்தின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. 1890களில், தோட்டப் பயிரைத் தாக்கிய புழுக்களை ஒழிப்பதற்கென இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் காகங்கள் கொண்டுசெல்லப்பட்டன. பின்னாளில் அங்குள்ளோர் துப்பாக்கி ஏந்தி அக்காகங்களைச் சுட்டுக் கட்டுப்படுத்தவேண்டிய நிலை ஏற்பட்டது. ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்குக் கப்பலிற் சென்ற பறவை செய்தது இது. ஒரு கிலோமீற்றர் கடலைக் கடக்க அதற்குக் கப்பலும் வேண்டா.

குவாம் என்னும் எச்சரிக்கை

துறைமுகமும் தீவும் பறவையும் ஒன்றுசேர்ந்த இடத்தில் நேரக்கூடியதை உலகுக்குக் காட்டிய கொடிய எடுத்துக்காட்டு பசிபிக் கடலில் உள்ளது. குவாம் ஏறத்தாழ 540 சதுர கிலோமீற்றர் பரப்புடைய தீவு. ஐக்கிய அமெரிக்காவின் கடற்படைத் தளம். இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில், போர்த்தளபாடங்களை ஏற்றிவந்த கலமொன்றில் ஒளிந்து, மரமேறும் பழுப்புப் பாம்பு அங்கு வந்திறங்கிற்று. எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. காட்டின் பறவைகள் ஒவ்வொன்றாகக் குரலடங்கின. பூச்சிகொல்லியே காரணம் என்றனர் சிலர். நோயே காரணம் என்றனர் வேறு சிலர். ஜூலி சாவிஜ் என்னும் ஆய்வாளர் பாம்பே காரணம் என்பதை 1987ஆம் ஆண்டுக் கட்டுரையில் நிறுவியபோது காலம் கடந்துவிட்டது. தீவுக்குரிய பன்னிரண்டு காட்டுப் பறவை இனங்களிற் பத்து அத்தீவிலிருந்து மறைந்தன.

பறவையோடு கேடு நின்றுவிடவில்லை. பறவையற்ற காட்டில் சிலந்திகள் பன்மடங்கு பெருகின. பழத்தை உண்டு விதையைப் பரப்புவார் இன்மையால் மரங்களின் பெருக்கமே தடைப்பட்டது. மின்கம்பங்களில் ஏறிய பாம்புகள் மின்சாரத்தைத் துண்டித்தன. 2013ஆம் ஆண்டில், பரசிற்றமோல் மருந்து புகட்டிய செத்த எலிகளை வான்வழியே காட்டிற் போட்டுப் பாம்பைக் கொல்லவும் முயன்றனர். குவாமுக்கே உரிய மீன்கொத்தி 1988ஆம் ஆண்டளவிற் காட்டில் இல்லாதொழிந்தது. முன்னரே பிடித்துக் காத்த சில பறவைகளின் வழிவந்தவற்றுள் ஒன்பதை 2024ஆம் ஆண்டில் பல்மைரா என்னும் வேறொரு தீவில் விட்டனர். சொந்தத் தீவுக்குத் திரும்ப அவற்றால் இன்னும் இயலவில்லை.

குவாமின் பறவை வேறு, புறாமலையின் புறா வேறு என்று ஒருவர் கூறலாம். உண்மையே. குவாமின் மீன்கொத்தி உலகில் வேறெங்கும் இல்லாதது, மாடப்புறா அத்தகையதன்று. எனினும் பாடம் ஒன்றே. தீவுப் பறவையின் அழிவு ஆரவாரத்தோடு வருவதில்லை. ஒரு கலத்தின் அடித்தட்டில், எவரும் நோக்காத ஒன்றாக வருகின்றது. போர்க்கலம் கொண்டுசென்ற பாம்பைப் போல, உல்லாசப் படகு கொண்டுசெல்லும் எலியும் பூனையும் உணவுப் பொதியும் கேடு விளைக்கவல்லன. 540 சதுர கிலோமீற்றர் பரப்புடைய தீவு நாற்பது ஆண்டுக்குள் வெறுமையாயிற்று எனின், 200 மீற்றர் நீளமுடைய தீவுக்கு எத்தனை பருவம் வேண்டும்?

மனிதரா, பறவையா?

இரண்டாவது மறுப்பு முன்னதைவிடக் கனமானது. மதிப்போடு விடையிறுக்கத் தக்கது. “முப்பது ஆண்டுக்காலப் போரில் இடம்பெயர்ந்து, 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையால் வீடும் வள்ளமும் இழந்த மக்கள் இன்றுதான் சற்றுத் தலைநிமிர்கின்றனர். பயணிகளை ஏற்றிச்செல்லும் படகே பலருக்குச் சோறு. அவர்கள் வயிற்றில் அடித்துப் பறவைக்குப் பரிந்து பேசுவது நகரத்துப் படித்தவரின் பொழுதுபோக்கு” என்பது அம்மறுப்பு.

இம்மறுப்பைக் கூறுவோர் கருணையுள்ளவரே. ஆயினும் அவர்தம் கணக்கிற் பிழை உண்டு. நிலாவெளிப் படகோட்டி விற்பது படகுச் சவாரியை அன்று, தீவின் உயிரை. மிதிபட்டு நொறுங்கிய முருகையையும், பொலித்தீன் மிதக்கும் கடலையும், குப்பை கிளறும் காகத்தையும் காண எவர் பணம் கொடுத்து வருவர்? தீவு சீரழிந்த நாளில், விடுதி நடத்தும் பெருமுதலாளி தன் முதலை இன்னொரு கரைக்குக் கொண்டுசெல்வான். படகோட்டியால் தன் கடலைக் கொண்டுசெல்ல இயலாது. ஆகவே பறவையைக் காப்பதென்பது ஏழையின் நாளைய சோற்றைக் காப்பதேயன்றி வேறன்று. இன்று தீவில் இறங்கும் ஆட்தொகைக்கு வரம்பிட்டு, அவ்வரம்புக்குட்பட்ட வருமானம் முதற்கண் அவ்வூரவர்க்கே சேருமாறு செய்வதே நீதி.

மேலும், கசப்பான உண்மையொன்றையும் ஈண்டு கூறவேண்டியுள்ளது. போர்க்காலத்தில் பாதுகாப்புத் தடைகள் காரணமாக அக்கடலிற் பயணிகள் கூட்டம் இல்லை. போர் ஓய்ந்ததும் கூட்டம் வந்தது. பறவைக்குப் போர் தந்த தனிமையைச் சமாதானத்தால் தரமுடியவில்லை எனின், அது சமாதானத்துக்கே இழுக்கு. எவரும் போரை விரும்பார். அதனாலேயே, சமாதானம் மேலான காவலன் என்பதை மெய்ப்பிக்கும் கடமை சமாதானத்தை விரும்புவோர்க்கு உண்டு. இன்றோ, ஆண்டின் இறுதியில் வரும் வடகீழ்ப் பருவக்காற்றே தீவின் மெய்யான காவலாளியாக உள்ளது. கடல் கொந்தளிக்கும் அச்சில மாதங்களில் மட்டும் படகுகள் கரையேறுகின்றன. தீவு மூச்சு விடுகின்றது. திணைக்களத்தால் இயலாததைக் காற்றுச் செய்துகொண்டிருப்பது பெருமைக்குரியதன்று.

சட்டமும் காவலும்

“சட்டந்தான் இருக்கின்றதே” என்பார் மூன்றாவது சாரார். சட்டத்துக்குக் குறைவில்லை. வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலேயே பிறந்தது. அதனை நடைமுறைப்படுத்தும் திணைக்களம் 1949இல் அமைந்தது. 1963இல் புறாமலை மட்டுமன்றித் திருகோணமலை உட்துறைமுகத்தின் பெரிய சோபர், சின்னச் சோபர் தீவுகளும் சரணாலயங்களாயின. கடற்படைக்கு நீர் வழங்கிய மூலங்களைச் சூழ்ந்த ஏறத்தாழ 18,000 ஹெக்டேயர் காடும் அவ்வாண்டிலேயே சரணாலயமாயிற்று.

இவ்விறுதிச் சரணாலயத்தின் வரலாறு சிந்தனைக்குரியது. அக்காட்டின் பயன் பிரித்தானியக் கப்பல்களின் தாகம் தீர்ப்பது. நீர் வற்றக்கூடாது என்பதற்காகக் காட்டில் கைவைக்கக்கூடாதென்றனர்; அதன் நிழலில் இலங்கைக்கே உரிய காட்டுக்கோழியும் இருவாய்ச்சியும் பச்சைப்புறாவும் பிழைத்தன. அந்நியன் தன் கப்பலுக்காகக் காத்த அளவேனும், ஊரவர் தம் பிள்ளைகளுக்காகக் காக்கவேண்டாவா? 1957இல் துறைமுகத்தளம் கைமாறியபோது காக்கும் பொறுப்பும் கைமாறிற்று என்பதை எத்தனை பேர் உணர்ந்தனர்?

தேசியப் பூங்கா என்பதற்குச் சட்டம் தரும் பொருள், இயற்கையைப் பார்த்தறியவும் ஆராயவும் மட்டுமே அனுமதிச்சீட்டோடு உட்செல்லக்கூடிய இடம் என்பதாகும். நடைமுறையிலோ அனுமதிச்சீட்டு நுழைவுச்சீட்டாகிவிட்டது. எத்தனை சீட்டு விற்றது என்பதே வெற்றியின் அளவுகோல் ஆகும்போது, காவலன் கடைக்காரனாகிவிடுகின்றான். கட்டணம் வாங்குவது காவல் ஆகாது.

செய்யவேண்டுவன சிலவே, அரியனவும் அல்ல. சிறிய தீவில் ஆராய்ச்சியாளர் தவிர எவரும் காலடி வைத்தல் கூடாது. பெரிய தீவில் கூடுகள் உள்ள பாறைப்பகுதி பிரித்து அடைக்கப்படவேண்டும். இறங்குவோர் தொகைக்கு நாள்வரம்பு வேண்டும். உணவுப் பொதி கரையிலேயே நின்றுவிடவேண்டும். நிலாவெளிக் கரையின் குப்பை ஒழுங்காக அகற்றப்படவேண்டும். ஏனெனில் தீவின் காகம் கரையின் குப்பையிலேயே பிறக்கின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுதோறும் புறாக்கள் எண்ணப்பட்டு, தொகை பகிரங்கமாக வெளியிடப்படவேண்டும். எண்ணப்படாத செல்வம் களவு போனாலும் தெரியாது.

எண்ணுவார் யார் என்ற கேள்விக்கு விடை தொலைவில் இல்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளிப் பாதையிற் கோணேசபுரியிலேயே அமைந்துள்ளது. விஞ்ஞான மாணவர் எண்ணட்டும். கலைப்பீட மாணவர் படகோட்டிகளின் வாய்மொழியையும் ஊரின் நினைவையும் தொகுக்கட்டும். பறவை விஞ்ஞானத்துக்கு மட்டும் உரியதென்று கலைப்பீடத்தார் ஒதுங்கிக்கொள்வது, புறாவைப் பாடிய புலவர் பரம்பரையைத் தாமே துறப்பதாகும்.

துலாவின் மறுதட்டு

சிபியின் கதையில் ஒரு நுட்பம் உண்டு. மேடைகளில் அது விடுபட்டுப்போகின்றது. அம்மன்னன் பருந்தை வைதானில்லை; புறாவின் அழகைப் புகழ்ந்தானில்லை; புறாவைக் காக்கச் சட்டம் இயற்றி, அதனைக் காவலரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனானுமில்லை. பருந்தின் பசியும் மெய்யே என ஏற்றுக்கொண்டான். ஒருவர் பசிக்கும் இன்னொருவர் உயிருக்கும் இடையில் துலாவை நாட்டினான். மறுதட்டில் தன்னுடையதை இட்டான். விலை கொடாத பாதுகாப்பு பாதுகாப்பன்று என்பதே அக்கதையின் உட்பொருள்.

இன்று எவரும் தசையை அரியவேண்டியதில்லை. பயணி ஒருவர் ஒரு சோற்றுப் பொதியைக் கரையில் விட்டுச்செல்லவேண்டும். விடுதியாளர் தம் இலாபத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளவேண்டும். அரசு சில ஆயிரம் நுழைவுச்சீட்டுகளின் வருமானத்தை மறக்கவேண்டும். மாணவர் ஆண்டில் ஒருசில காலைப்பொழுதுகளைப் பாறைக்கு எதிரே படகில் இருந்து எண்ணுவதிற் செலவிடவேண்டும். இத்துணைச் சிறிய விலையையும் கொடுக்க மனமில்லாதார் சிபியின் பெயரை மேடையிற் சொல்லாதிருத்தல் நன்று.

துலா நாட்டப்பட்டுள்ளது, ஒரு தட்டிற் புறா அமர்ந்துள்ளது. மறுதட்டு இன்னும் வெறுமையாகவே தொங்குகின்றது.